ஹைபிரிட் கிளவுட்: எந்தக் கடைக்கு, எப்போது?

கம்பளையில் ஹாட்வெயார் கடை நடத்தும் எனது பழைய கூட்டாளி ஒருவரின் மகன் அண்மையில் தொலைபேசியில் பேசினார். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலோடு வந்த வெள்ளத்தில் அவர்களது கடை கவுண்டருக்கு மேலே மூழ்கியது. சீமெந்தும் பெயின்டும் போனதை ஒருவாறு தாங்கிக்கொண்டார்கள். தாங்க முடியாமல் போனது ஒரு கணனி. சுற்றுவட்டாரத்துப் பாஸ்மாருக்கும் சிறு கடைக்காரருக்கும் கொடுத்திருந்த கடன் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. பெக்கப் எடுக்காதவர்களும் அல்லர். வாரம் தவறாமல் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்தார்கள். எடுத்து, அதே மேசையின் லாச்சியில் வைத்துப் பூட்டினார்கள்.

"மாமா, கடையைத் திரும்பத் தொடங்கப் போறோம். கொழும்புக் கொம்பனி ஒன்று வந்து ஹைபிரிட் கிளவுட் போடுங்க, இனி ஒன்றுமே போகாது என்று சொல்றாங்க. விலையைக் கேட்டால் தலை சுத்துது. போடவா, வேணாமா?" என்று கேட்டார்.

இதே கேள்வியை வேறு இரண்டு மூன்று பேரும் என்னிடம் கேட்டிருப்பதால் இவ்வாரம் அதையே எழுதலாம் என்று நினைத்தேன். நான் கணனி படித்தவனல்லன். சாதாரண தரப் பரீட்சையோடு பழைய சோனகத் தெருவுக்கு வந்து, முப்பது வருடங்களுக்கு மேலாகக் குழாயும் பாத்ரூம் பிட்டிங்ஸும் விற்பவன். ஆனால் இந்த விடயத்தில் இரண்டு தடவை பிழை விட்டு, பணம் கொடுத்துப் படித்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

முதலில் சொற்களைத் துப்புரவாக்கிக் கொள்வோம். தமிழில் 'முகில் கணிமை' என்று எழுதினாலும் முகிலில் ஒன்றும் இல்லை. வேறொருவரின் கட்டடத்தில், வேறொருவரின் கணனியில் நாம் வாடகைக்கு எடுக்கும் இடம்தான் கிளவுட். அமேசன் நிறுவனம் 2006 இல் இந்த வாடகை வியாபாரத்தைத் தொடங்கியது. மைக்ரோசொப்ட், கூகுள் போன்றவை பின்னால் வந்தன. இப்பெரிய நிறுவனங்களின் நிலையங்களில் எமக்குக் கிட்டியவை சென்னை, மும்பாய், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் உள்ளன. எமது நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இங்கேயே தரவு நிலையங்கள் அமைத்து இடம் வாடகைக்குக் கொடுக்கின்றன.

வீட்டுக் கிணற்றையும் குழாய்த் தண்ணீரையும் நினைத்துப் பாருங்கள். கிணறு வெட்ட ஒரேயடியாகச் செலவு. மோட்டரையும் நாமே பார்க்க வேண்டும். ஆனால் மாதாந்த பில் இல்லை. குழாய்த் தண்ணீருக்கு வெட்டும் செலவு இல்லை. மீட்டர் ஓட ஓடப் பில் வரும். வெளியே எங்கேயோ குழாய் வெடித்தால் எமது வீட்டில் தண்ணீர் இல்லை. கடையில் இருக்கும் சொந்த சேர்வர் கிணறு. கிளவுட் குழாய். இரண்டையும் வைத்து, ஒன்று நின்றால் மற்றது கைகொடுக்கும்படி ஒரே தாங்கிக்கு இணைத்தால் அது ஹைபிரிட்.

அந்த இணைப்பு முக்கியம். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011 இல் வெளியிட்ட வரைவிலக்கணமும் இதைத்தான் சொல்கிறது. தனித்தனியாக நிற்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அமைப்புகள், தரவும் வேலையும் இங்குமங்கும் போய்வரக்கூடியவாறு தொழில்நுட்பத்தால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். கடையில் ஒரு கணனியும் கூகுளில் ஒரு மின்னஞ்சலும் வைத்திருப்பவர் ஹைபிரிட் வைத்திருப்பதாகச் சொல்ல முடியாது. அவரிடம் இரண்டு இடத்தில் இரண்டு சாமான் இருக்கிறது, அவ்வளவுதான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இணைப்புக்குத்தான் பணம் கேட்கிறார்கள். இணைப்பு தேவையில்லாதவரிடமும் கேட்கிறார்கள்.

இனி எனது பிழைகள். நெடுங்காலம் எமது கணக்கு எல்லாம் கடையின் மேல்மாடியில் ஒரு சேர்வரில் இருந்தது. கண்டியில் கிளை திறந்த பின்னர் தினமும் இரவு அங்கிருந்து விற்பனையைத் தொலைபேசியில் சொல்வார்கள். இங்கே ஒருவர் இருந்து பதிவார். ஒரு சைபர் கூடினால் ஒரு கிழமை தேட வேண்டும். கொரோனாக் காலத்தில் ஊரடங்கு போட்டபோது மேல்மாடிக்குப் போக முடியவில்லை. யார் எவ்வளவு தர வேண்டும், எந்தக் காசோலைக்கு எந்தத் திகதி என்பதெல்லாம் பூட்டிய கடைக்குள் இருக்க, நாங்கள் வீட்டில் இருந்தோம். எமது மொத்த வியாபாரத்தில் அறுபது நாள், தொண்ணூறு நாள் தவணைக்குப் பின்திகதியிட்ட காசோலைதான் உயிர் என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஆத்திரத்தில் 2021 இல் எல்லாவற்றையும் தூக்கி சிங்கப்பூரிலுள்ள வாடகைக் கணனி ஒன்றுக்கு ஏற்றினேன். இது இரண்டாவது பிழை. முதல் சில மாதங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்டி விற்பனை கொழும்பில் உடனே தெரிந்தது. மாதம் 300 டொலருக்குச் சற்றுக் குறைவான பில். 60,000 ரூபாவுக்குள் முடிந்தது.

பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. நான் ஒரு சேவையும் கூட்டவில்லை. பில் மட்டும் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. அதைவிடப் பெரிய அடி மின்வெட்டால் வந்தது. மார்ச் 31 ஆம் திகதி 13 மணித்தியாலம் வெட்டினார்கள் என்பது நினைவிருக்கும். எம்மிடம் ஜெனரேட்டர் இருந்தது. டீசலும் எப்படியோ தேடினோம். ஆனால் தொலைபேசிக் கோபுரத்தின் பெட்டரி இறங்கினால் இணையம் போய்விடும். எங்கள் கடையில் விளக்கு எரிகிறது, கணனி ஓடுகிறது, பில் மட்டும் போட முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை கிண்ணியாவிலிருந்து வந்த லொறி ஒன்று வாசலில் நின்றது. சாரதி டீசல் வரிசையில் ஒரு நாள் காத்திருந்து வந்தவர். இருட்டு முன் திரும்ப வேண்டும். அந்நாட்களில் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. புதிய விலைப் பட்டியல் சிங்கப்பூரில் இருந்தது. எமது பொடியன்மார் ஞாபகத்தில் இருந்த விலைக்குக் கையால் பில் எழுதி ஏற்றினார்கள். பீவீசீ குழாயில் மாத்திரம் அன்று நான் இழந்தது அந்த வருடக் கிளவுட் பில்லுக்குச் சமமாக வந்தது. வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்த விலை எழுதிக் கொடுத்த விலைதான்.

இந்த இரண்டு பிழையிலும் ஒரே தவறுதான் இருந்தது. 'கிளவுட் நல்லதா, கெட்டதா' என்று முழுக் கடைக்கும் சேர்த்து ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது, கடையில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக இரண்டு கேள்விகள். இந்த வேலை எத்தனை மணித்தியாலம் நிற்கலாம்? இதன் பதிவுகளில் எத்தனை மணித்தியாலத்தை இழந்தாலும் திரும்ப எழுதிக்கொள்ளலாம்?

எனது கடையில் பில் போடுவது அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்க முடியாது. லொறிகள் தெருவை அடைத்துக்கொள்ளும். ஆகவே அது எனது கைக்கெட்டும் தூரத்தில், இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். விலைப் பட்டியலும் இருப்புக் கணக்கும் அதோடு சேர்ந்தவை. மின்னஞ்சல் ஒரு நாள் நின்றாலும் வானம் இடிந்து விழாது. கணக்காய்வாளருக்கு அனுப்பும் அறிக்கை ஒரு வாரம் நின்றாலும் அவர் கோபப்பட மாட்டார். கடன் பதிவும் காசோலைப் பதிவும் வேறு இனம். அவை ஒரு நாள் திறக்க முடியாமல் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒரு நாள் பதிவுகூட அழியக் கூடாது. எனவே அவற்றின் ஒரு பிரதி கடைக்கு வெளியே, ஊருக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

இப்படி எழுதிப் பார்க்கும்போது சில வேலைகள் 'கிட்ட இரு' என்றும் சில வேலைகள் 'எட்டப் போ' என்றும் சொன்னால், அதோடு அவை இரண்டும் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தால், அப்போதுதான் ஹைபிரிட் பற்றி யோசிக்க வேண்டும். எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமே போதும்.

2023 இல் நாங்கள் பிரித்தது இவ்வாறு. கொழும்பிலும் கண்டியிலும் ஒவ்வொரு சிறிய சேர்வர்; பில், இருப்பு, விலை எல்லாம் அங்கேயே ஓடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டும் தமது பில்களை வாடகை இடத்துக்கு அனுப்பி, மற்றவரின் பில்களை எடுத்துக்கொள்ளும். இணையம் இல்லாவிட்டால் பொறுத்திருந்து, வந்தவுடன் அனுப்பும். கடன், காசோலைப் பதிவுகள் பூட்டிய வடிவில் அங்கே பிரதியாகும். பொருட் பட்டியல், மின்னஞ்சல் என்பன முழுதாக அங்கேதான். டொலர் பில் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது.

டித்வா புயலின்போது கண்டிக் கிளையில் நான்கு நாட்கள் இணையம் இல்லை. அந்த நான்கு நாட்களும் நீர்ப்பம்பு, பொலித்தீன், வயர் என்று சனம் வந்துகொண்டேயிருந்தது. ஒரு பில்கூட நிற்கவில்லை. ஐந்தாம் நாள் இணைப்பு வந்ததும் நான்கு நாள் விற்பனையும் சற்று நேரத்தில் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. ஒரு கோளாறும் சேர்ந்து வந்தது. கண்டியில் ஆறு பம்புகள் இருப்பதாகக் காட்டியதை நம்பி நாங்கள் இங்கே ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். கண்டியில் அவை முதல் நாளே விற்று முடிந்திருந்தன. ஹைபிரிட் விற்க வருபவரிடம், 'இணைப்பு அறுந்த நேரத்தில் இரண்டு கிளையும் ஒரே சாமானை விற்றால் உங்கள் முறை என்ன செய்யும்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

யோசிப்பதற்கு உகந்த தருணங்கள் சில உண்டு. பழைய சேர்வரை மாற்றும் காலம் அவற்றில் நல்லது. விண்டோஸ் சேர்வர் 2012 க்கு மைக்ரோசொப்ட் வழங்கிய வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஒக்டோபரில் நின்றுவிட்டன. 2016 பதிப்புக்குக் கடைசித் திகதி 2027 ஜனவரி 12. எப்படியும் பணம் செலவழிக்கப் போகும் வேளையில், பெரிய சேர்வரை வாங்குவதா, சிறியதை வாங்கி மிகுதியை வாடகைக்கு விடுவதா என்று கணக்குப் பார்க்கலாம். இரண்டாவது கிளை திறக்கும்போது பார்க்கலாம். பெருநாள் காலத்தில் மட்டும் பத்து மடங்கு ஓடர் வரும் துணிக்கடைக்காரர், இணையத்தில் ஓடர் எடுக்கும் பகுதியை மாத்திரம் வாடகை இடத்தில் வைத்து, அந்த ஒரு மாதத்துக்குக் கூட்டிப் பின்னர் குறைத்துக்கொள்ளலாம்.

வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், நோய் விபரம் முதலியவற்றை வைத்திருக்கும் தவணை விற்பனைக் கடைகளும் தனியார் சிகிச்சை நிலையங்களும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், அத்தகைய விபரங்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதற்கு நிபந்தனைகளை விதிக்கிறது. 2025 இல் அது திருத்தப்பட்டும் உள்ளது. எதை இங்கே வைப்பது, எதை வெளியே அனுப்புவது என்பதை சொப்ட்வெயார் விற்பவரிடம் கேட்காமல் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு முடிவெடுப்பதே முறை.

'எல்லாம் கிளவுட்டுக்குப் போனால் மலிவு' என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். வருடம் முழுவதும் ஒரே அளவில் ஓடும் வேலைக்கு வாடகை பெரும்பாலும் விலை கூடியதாகவே முடியும். அமெரிக்காவின் 37 சிக்னல்ஸ் என்ற சொப்ட்வெயார் நிறுவனம் 2022 இல் கிளவுட்டுக்கு 32 இலட்சம் டொலர் கொடுத்ததைக் கணக்கிட்டுப் பார்த்து, ஏழு இலட்சம் டொலரளவில் சொந்த சேர்வர்கள் வாங்கி 2023 இல் தனது வேலைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டது. ஆனால் அவர்களிடம் சேர்வர் பார்க்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். ஹைபிரிட்டில் கிணற்றுக்கும் செலவு, குழாய்க்கும் செலவு, நடுவில் இணைப்பைப் பார்க்கும் ஆளுக்கும் செலவு. அந்த ஆளை எம்மவர்கள் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம். மேலும் ஒன்று: தரவை உள்ளே ஏற்றுவதற்கு அனேகமாகக் காசு எடுப்பதில்லை, பெருமளவில் வெளியே எடுக்கும்போது ஜீபி கணக்கில் எடுப்பார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

பிரதி விடயத்தில் சிறிது நின்று பேச வேண்டும். 2023 ஆகஸ்டில் கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்று எமது அரசாங்கத்தின் கிளவுட்டுக்குள் புகுந்தது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. இணைப்பிலிருந்த பிரதியும் சேர்ந்தே போனது. அந்தக் காலப் பகுதிக்குத் தனியே விலக்கி வைத்த பிரதி இருக்கவில்லை. தென் கொரியாவின் டெஜோன் நகரில் அரச தரவு நிலையம் ஒன்று 2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி தீப்பற்றியபோது, அரச ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜீ-டிரைவ் என்ற களஞ்சியம் 858 டெராபைட் தரவோடு எரிந்தது. அதற்கும் வெளிப் பிரதி இல்லை. கம்பளை மேசை லாச்சிக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

மறுபக்கமும் உண்டு. அவுஸ்திரேலியாவில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தவர்களைக் கொண்ட யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தின் கணக்கு, 2024 மே மாதத்தில் கூகுளின் பக்கத்து அமைப்புப் பிழையொன்றால் அடியோடு அழிக்கப்பட்டது. இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருந்தபடியால் இரண்டும் போயின. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. ஆகவே ஹைபிரிட் போட்டுவிட்டால் ஒன்றும் போகாது என்று எவரும் சொன்னால், பிரதி எந்தக் கடவுச்சொல்லின் கீழ் இருக்கிறது என்று கேளுங்கள். கடை சேர்வரின் கடவுச்சொல்லே அதையும் திறக்குமானால், அழிக்க வருபவன் இரண்டையும் ஒரே தரத்தில் அழிப்பான். எங்களிடம் உள்ள ஒரு பிரதியை முப்பது நாட்களுக்கு என்னாலும் அழிக்க முடியாது. அப்படிப் பூட்டி வைக்கும் வசதி அனேக நிறுவனங்களிடம் இருக்கிறது. கேட்டால்தான் போட்டுத் தருவார்கள்.

கம்பளை மகனுக்கு நான் சொன்னது, இப்போது ஹைபிரிட் வேண்டாம் என்பதுதான். ஒரு கடை, ஒரு கணனி, ஒரு கவுண்டர். அவருக்குக் கிட்ட இருக்க வேண்டிய வேலை கிட்டவே இருக்கிறது. எட்டப் போக வேண்டியது பிரதி மாத்திரம். ஒவ்வொரு இரவும் கடை மூடும்போது தானாகவே பிரதி எடுத்து வெளியே அனுப்பும் ஏற்பாடு, மாதம் சில ஆயிரம் ரூபாவுக்குள் முடியும். கணனியை மேல் தட்டுக்கு ஏற்றச் சொன்னேன். மாதத்தில் ஒரு நாள் அந்தப் பிரதியை வேறொரு கணனியில் திறந்து, ஒரு பாஸின் கடன் நிலுவையை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதியாக எண்ணுவதில்லை. நாவலப்பிட்டியில் இன்னொரு கடை போடும் எண்ணம் அவருக்கு இருக்கிறது. அது நடந்தால் அந்த நாளில் திரும்பப் பேசுவோம் என்றேன்.

கடன் என்னவாயிற்று என்று கேட்டேன். வாப்பா ஒரு புதிய கொப்பியோடு கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். பாஸ்மார் பலர் தம்மிடம் இருந்த பில் துண்டுகளைக் கொண்டுவந்து, இவ்வளவு தர வேண்டும் என்று தாங்களே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் சேற்றில் ஊறிய பில்லை அடுப்படியில் காயவைத்துக் கொண்டுவந்தாராம். இதுவரை மூன்றில் இரண்டு பங்கு அளவில் எழுதியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மிகுதி யாரிடம், எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியாது.